உதவி கேட்கும் இடத்தில் பொருள் விலகாமை
(தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், தமிழ்மொழி ஆகிய இரு பாட மாணவர்க்கும் உரிய விளக்கக் கட்டுரை)



மாடு பற்றிய கட்டுரையை மனனஞ் செய்துகொண்டு பரீட்சை மண்டபத்துக்குப் போன மாணவனின் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வினாத்தாளில் தென்னை மரம் வந்துவிட்டது. அவன் சளைக்கவில்லை. தென்னையின் உயரத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி, "இம்மரத்தில் ஒரு மாடு கட்டப்பட்டுள்ளது" என்று ஒரு வசனத்தைச் சேர்த்து, மிகுதிப் பக்கம் முழுவதும் மாட்டைப் பற்றியே எழுதிவிட்டு வந்தானாம்.

வகுப்பில் இக்கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்த அதே பிள்ளைகள் மாலையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என்ன செய்கிறார்கள் என்பதையும் நான் பார்க்கிறேன். "நாளைக்கு எத்தினை மணிக்கு வகுப்பு?" என்று ஒருவர் கேட்பார். அதன் கீழே கிரிக்கெட் முடிவு, ஒரு சிரிப்புப் படம், யாரோ அனுப்பிய காலை வணக்கம், அந்தக் காலை வணக்கத்துக்குப் பதினைந்து பதில் வணக்கங்கள். கேட்டவர் மறுநாள் அரைமணி பிந்தி வருவார்.

பரீட்சைத் தாளில் மாட்டைத் தென்னையில் கட்டினால் நட்டம் கட்டியவனுக்கு மாத்திரமே. பலர் கூடும் இடத்தில் கட்டினால் நட்டம் வேறொருவருக்குப் போகின்றது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

பொருள் விலகல் என்றால் என்ன?

கணினி, கைத்தொலைபேசி, மென்பொருள் ஆகியவற்றில் ஏற்படும் சிக்கலை ஒருவர் எழுத, அதனை அறிந்த ஏனையோர் ஊதியம் எதுவும் பெறாமல் விடை எழுதும் இணையக் குழுக்களைத் தொழினுட்ப உதவிக் குழுக்கள் என்கிறோம். ஒரு கேள்வியும் அதன் கீழ் வரும் விடைகளும் சேர்ந்து ஓர் "இழை" எனப்படும். குழுவை ஒழுங்காக வைத்திருக்கும் பொறுப்பாளரை "மட்டறுத்துநர்" என்பர்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொருள் உண்டு. ஒவ்வோர் இழைக்கும் அதனிலும் சிறிய ஒரு பொருள் உண்டு. எனவே விலகலும் இருவகைப்படும். கணினிக் குழுவில் வேலைவாய்ப்பு விளம்பரம் போடுவது முதலாவது வகை; இது யாருக்கும் உடனே விளங்கும். இரண்டாவது வகையே மாணவர்களைத் தடுமாற வைப்பது. ஒருவர் "அச்சுப்பொறி தாளை இழுக்கவில்லை" என்று கேட்டிருக்கின்றார். அதன் கீழே மற்றொருவர் "என்னுடைய அச்சுப்பொறியில் எழுத்து மங்கலாக விழுகிறது" என்று எழுதுகின்றார். இருவர் பேசுவதும் அச்சுப்பொறி பற்றித்தானே என்று தோன்றும். ஆனால் விடை கூற வருபவர் இப்போது எந்த அச்சுப்பொறிக்கு விடை கூறுவது? ஆங்கிலத்தில் இச்செயலுக்குக் கடத்தல் என்று பொருள்படும் சொல்லையே வழங்குகின்றனர். விமானத்தைக் கடத்துவது போல இழையைக் கடத்துவது.

கவனிக்க: பொருள் விலகிய பதிவு என்பதும் கெட்ட பதிவு என்பதும் ஒன்றல்ல. மாடு பற்றிய கட்டுரை மிக நல்ல கட்டுரையாகவே இருந்திருக்கலாம். அது நின்ற இடந்தான் பிழை.

நான் விட்ட பிழை

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. 2015 நவம்பரில், டிசெம்பர் பரீட்சைக்கு முன் மாணவருக்குக் கொடுப்பதற்காக 64 பக்கத்தில் ஓர் இலக்கண மீட்டற் கையேட்டைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து முடித்திருந்தேன். அச்சகத்தில் யூனிகோட்டில் தரும்படி கேட்டார்கள். மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றில் இட்டபோது "கொ", "போ" போன்ற எழுத்துகள் எல்லாவற்றிலும் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து மறுபக்கமுமாகச் சிதறி நின்றன. பாமினியில் நாம் கண்ணால் காணும் ஒழுங்கில், முதலில் கொம்பு, அடுத்து எழுத்து, அடுத்து அரவு எனத் தட்டச்சுச் செய்கிறோம். யூனிகோட்டிலோ எழுத்தே முதலில் சேமிக்கப்படும். உயிர்க்குறி அதன் பின்னரே வரும். ஒழுங்கை மாற்றத் தெரியாத மென்பொருள் இவ்விடத்தில் இடறிவிடும். இது சுவையான விடயந்தான், ஆனால் இக்கட்டுரையின் பொருளன்று. இத்துடன் நிறுத்துகின்றேன்.

தமிழ்க் கணிமை குறித்து உதவும் ஒரு குழுவில் சேர்ந்தேன். விதிகளை வாசிக்கவில்லை. "பாமினி" என்று தேடியபோது அன்று காலை தொடங்கப்பட்ட ஓர் இழை அகப்பட்டது. ஒருவர், தமக்கு வந்த விண்ணப்பப் படிவம் தமது கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிவதாகவும், என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தார். அதற்கு விடை ஒரே வரி: பாமினி எழுத்துருவை உங்கள் கணினியில் நிறுவுங்கள். அந்த ஒரு வரி வருவதற்கு முன்னர் நான் உள்ளே புகுந்துவிட்டேன்.

அச்சகச் செலவு, மின்வெட்டு, பரீட்சை நெருங்கிவிட்ட கவலை, எழுத்துரு செய்தவர்கள் மீது குறை, கடைசிப் பந்தியில் என் சிக்கல். நல்ல தமிழில், நீளமாக எழுதினேன். கலைப் பட்டதாரி அல்லவா! வந்த பதில்களும் நன்றாகவே இருந்தன. மின்வெட்டைப் பற்றி இருவர் எழுதினர். பாமினி நல்லதா, யூனிகோட் நல்லதா, திஸ்கி ஏன் கைவிடப்பட்டது என்று நால்வர் வாதாடினர். ஒருவர் கையேட்டின் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். கொம்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மூன்றாம் நாள், இழையைத் தொடங்கியவர் இரண்டு வரி எழுதியிருந்தார்: "என்ர படிவத்தைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நேற்றோட கடைசித் திகதி முடிஞ்சுது. பரவாயில்லை."

அந்தப் "பரவாயில்லை" என்ற சொல்லை வாசித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய படிவம் எதற்குரியது, வேலைக்கா, பல்கலைக்கழகத்துக்கா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றிரவு குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் எனக்குத் தனிமடல் அனுப்பினார். "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. உங்கட பிரச்சினையைத் தனி இழையில போடுங்கோ. தலைப்பில பாமினி, யூனிகோட், கொம்பு எண்ட மூண்டு சொல்லும் வரட்டும். அந்தத் தம்பியிட்ட ஒரு வரி மன்னிப்புக் கேட்டால் நல்லது." கேட்டேன். அவர் மறுமொழி எழுதவில்லை. எனது புதிய இழைக்கு அரைமணி நேரத்தில் விடை கிடைத்தது.

இவ்வொழுக்கம் தோன்றிய வரலாறு

இன்றைய சமூக வலைத்தளங்களுக்கு மிக முன்னரே இச்சிக்கல் இருந்தது. 1979 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டொம் டிரஸ்கொட், ஜிம் எலிஸ் ஆகிய இருவரும் யூஸ்நெற் என்ற அமைப்பைத் திட்டமிட்டனர். ஒரு கணினியில் எழுதிய செய்தி தொலைபேசி இணைப்பு வழியே அடுத்த கணினிக்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் பிரதியாகிச் செல்லும். செய்திகள் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்ட "செய்திக்குழு"க்களில் இடப்பட்டன. கணினிக்கு ஒரு பிரிவு, அறிவியலுக்கு ஒரு பிரிவு, பொழுதுபோக்குக்கு ஒரு பிரிவு, சமூகத்துக்கு ஒரு பிரிவு என அவை 1987 அளவில் ஒழுங்குபடுத்தப்பட்டன. சமூகப் பிரிவில் தமிழர் பண்பாட்டுக்கும் இலங்கைக்கும் தனித்தனிக் குழுக்கள் பின்னர் இருந்தன.

ஒருவர் இடும் ஒரு செய்தி பல நிறுவனங்களின் கணினிகளில் இடம் பிடித்தது. தொலைபேசிக் கட்டணத்தையும் அவை செலுத்தின. எனவே தேவையற்ற ஒரு பந்திக்கு யாரோ ஒருவர் காசு கொடுத்தார் என்றே கூற வேண்டும். இன்று அக்காசுக் கணக்கு மிகச் சிறிதாகிவிட்டது. வாசிப்பவரின் நேரக் கணக்கு மாத்திரம் அப்படியே இருக்கின்றது.

இக்குழுக்களில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். தகவல் தொழினுட்ப மாணவர் எவரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

அம்ஸ்டர்டாமிலுள்ள விரியே பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்ட்ரூ தனென்பாம், மாணவருக்குக் கற்பிப்பதற்காக மினிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை உருவாக்கி 1987 இல் தமது பாடநூலுடன் வெளியிட்டார். மினிக்ஸ் பற்றிப் பேச ஒரு செய்திக்குழு இருந்தது. 1991 ஓகஸ்ட் 25 ஆந் திகதி, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், 21 வயதினர், அக்குழுவில் ஒரு சிறு செய்தி இட்டார். பொழுதுபோக்காகத் தாம் ஒரு பணிசெயல் முறைமையைச் செய்துவருவதாக அதில் கூறியிருந்தார். அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் செய்தது பின்னர் லினக்ஸ் ஆயிற்று.

மாணவர்களே, சிந்தித்துப் பாருங்கள். மினிக்ஸ் பற்றிப் பேசும் இடத்தில் வேறொரு முறைமையைப் பற்றி எழுதுவது பொருள் விலகல் அல்லவா? வரம்பில் நிற்கும் விடயம் என்பதே சரியான விடை. அவர் அதனை எவ்வாறு கையாண்டார் என்பதே நாம் கற்க வேண்டியது. தலைப்பு வரியில் தமது முறைமையைப் பற்றி ஒன்றுமே கூறவில்லை. மினிக்ஸில் என்ன இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்றே கேட்டார். உள்ளேயும் தமது வேலையைச் சுருக்கமாகச் சொல்லி, அது மினிக்ஸை ஓரளவு ஒத்திருப்பதனால் மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று வினவினார். குழுவிலிருந்த எவரும் தம் அனுபவத்தைக்கொண்டு விடை கூறக்கூடிய கேள்வி அது. மாட்டைத் தென்னையில் கட்டியவன் செய்ததும் ஓர் இணைப்புத்தான், ஆனால் அவனுடைய கயிறு பொய்க் கயிறு. டோர்வால்ட்ஸின் கயிறு மெய்யானது.

கதை இத்துடன் முடியவில்லை. லினக்ஸ் வளர, மினிக்ஸ் குழுவில் லினக்ஸ் பேச்சும் வளர்ந்தது. மினிக்ஸ் பற்றி அறிய வந்தவருக்கு அது இடைஞ்சல். இதற்கு என்ன செய்வது? லினக்ஸ் பேச்சைத் தடை செய்யவில்லை. அதற்கெனத் தனி இடம் அமைத்தனர். 1992 ஜனவரி 19 இல் லினக்ஸுக்கான தனிச் செய்திக்குழுவில் முதற் செய்தி இடப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 31 இல் அது கணினிப் பிரிவிலுள்ள முறையான குழுவாகியது. ஓரிடத்தில் பொருளுக்குப் புறம்பாக இருந்தது இன்னோரிடத்தில் பொருளே ஆகிவிட்டது.

இடையில், 1992 ஜனவரி 29 இல், தனென்பாம் மினிக்ஸ் குழுவிலேயே லினக்ஸின் அமைப்பு முறை பழையது என்று எழுதினார். டோர்வால்ட்ஸ் சூடாகப் பதில் எழுதினார். பெரிய விவாதம் மூண்டது. அதிலிருந்து கணினி அறிவியல் மாணவர்கள் இன்றும் பயன் பெறுகின்றனர் என்பது வேறு விடயம். எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். டோர்வால்ட்ஸ் தாம் அளவுமீறிப் பேசிவிட்டதாகக் குழுவில் ஒப்புக்கொண்டு பேராசிரியரிடம் மன்னிப்புக் கேட்டார். இப்படிச் செய்வது முறையல்ல என்று நட்போடு தமக்குத் தனிப்பட எழுதிய ஒருவருக்கு நன்றியும் கூறினார். தனிமடலின் வலிமையைப் பாருங்கள். நூறு பேர் முன்னிலையில் அதையே சொல்லியிருந்தால் இன்னொரு சண்டை மூண்டிருக்கும்.

மறுபுறத்தில், எந்தக் கயிறும் இன்றி மாட்டை அவிழ்த்து விட்டவர்களும் இருந்தனர். 1994 ஏப்ரல் 12 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலச் சட்டத்தரணிகளான லோரன்ஸ் கன்டர், மார்த்தா சீகல் தம்பதியர், கிறீன் கார்ட் லொத்தருக்கு விண்ணப்பிக்கத் தாம் உதவுவதாக ஒரு விளம்பரத்தை 5,500 இற்கும் மேற்பட்ட செய்திக்குழுக்களில் இட்டனர். நம் நாட்டவரும் விண்ணப்பித்துவந்த அதே லொத்தர்தான். பூனை வளர்ப்போர் குழுவா, கணிதக் குழுவா என்று அவர்கள் பார்க்கவில்லை. கோபங்கொண்டோர் அனுப்பிய எதிர்ப்பு மடல்களின் பெருக்கினால் அவர்களுக்கு இணைய வசதி வழங்கிய நிறுவனத்தின் கணினிகளே செயலிழந்தன. வணிக எரிதம் என்ற தொல்லை பரவலாக அறியப்பட்டது இச்சம்பவத்தின் பின்னரே.

அடுத்த ஆண்டு, 1995 ஒக்ரோபரில், இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்.எவ்.சி. 1855 என்னும் ஆவணம் வெளிவந்தது. இணைய ஒழுக்கம் பற்றிய வழிகாட்டி இது. "நெட்டிகெட்" என்ற சொல்லை நீங்கள் பாடத்தில் கண்டிருக்கலாம். ஒரு குழுவில் எழுதுவதற்கு முன் ஒன்று அல்லது இரண்டு மாதங்களுக்கு அங்கு நடப்பவற்றை வாசித்துக்கொண்டே இருக்கும்படி அது கூறுகின்றது. நமக்கு ஒரு கிழமை கூடப் பொறுக்க முடிவதில்லை! சுருக்கமாக எழுதுக, பொருளை விட்டு அலையாதே என்று கூறும் அதே இடத்தில், பிறருடைய எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டுவதற்காக மாத்திரம் ஒரு பதிவு இடாதே என்றும் அது சேர்த்துச் சொல்கின்றது. தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு இது சற்றுக் கசப்பான அறிவுரை. ஆயினும் நியாயமானதே. கணினி பழுதாகிக் கலங்கி நிற்பவரிடம் "வல்லினம் மிகும்" என்று கூறுவதனால் கணினி திருந்தாது.

எழுதும் முறை

இனி நடைமுறைக்கு வருவோம். தரம் 11 மாணவர் ஒருவர் எழுதியதாகப் பின்வரும் பதிவைக் கொள்ளுங்கள்.

தலைப்பு: உதவி!!! அவசரம்!!!
"எல்லோருக்கும் வணக்கம். நான் தரம் 11 இல் படிக்கிறேன். வருகிற மாதம் பரீட்சை. மடிக்கணினி அண்ணா வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. வந்த நாள் முதல் ஒரே கரைச்சல். கடைக்காரர் பார்ப்பதற்கே நாலாயிரம் கேட்கிறார், பகற்கொள்ளை. நேற்றுப் பென் டிரைவைப் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை. செயற்றிட்டம் முழுவதும் அதற்குள்தான். மாமா வீட்டுக் கணினியில் தெரிகிறது. புதிதாக மடிக்கணினி வாங்குவதென்றால் எது நல்லது? கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்."

இதில் எவற்றை நீக்குவது? பெரும்பாலான மாணவர்கள் "சொந்த விடயம் எல்லாவற்றையும் நீக்க வேண்டும்" என்று விடை எழுதுவர். அது முழுவதும் சரியன்று. ஒவ்வொரு வசனத்தையும் எடுத்து, "இச்செய்தி தெரிந்தால் விடை கூறுபவரின் விடை மாறுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அண்ணா அனுப்பியது என்பதனால் விடை மாறாது. கடைக்காரர் கேட்ட காசினாலும் மாறாது. மாமா வீட்டுக் கணினியில் தெரிகிறது என்ற செய்தியால் மாறும். பென் டிரைவ் பழுதாகவில்லை என்பது அதிலிருந்தே தெரியவருகின்றது. செயற்றிட்டம் உள்ளே இருக்கிறது என்பதும் சொந்த விடயந்தான். ஆனால் அதனை நீக்கினால், "பென் டிரைவை அழித்துப் புதிதாக வடிவமைத்துப் பாருங்கள்" என்று யாராவது நல்லெண்ணத்துடன் கூற, பிள்ளையின் ஆறு மாத உழைப்புப் போய்விடும். ஆகவே அது இருக்கவே வேண்டும். எந்த மடிக்கணினி நல்லது என்பது தனிக் கேள்வி; அதற்கு வேறு இழை, சில வேளைகளில் வேறு குழுவே தேவை.

திருத்திய வடிவம்:
தலைப்பு: விண்டோஸ் 11: பென் டிரைவ் ஒரு கணினியில் தெரிகிறது, மற்றதில் தெரியவில்லை
"வணக்கம். எனது மடிக்கணினியில் (விண்டோஸ் 11) பென் டிரைவைச் செருகினால் அதன் பெயர் தோன்றவில்லை. வேறொரு கணினியில் அதே பென் டிரைவ் திறக்கின்றது. மடிக்கணினியின் மற்றத் துளையிலும் செருகிப் பார்த்தேன், மறுதொடக்கமும் செய்தேன், மாற்றமில்லை. உள்ளே செயற்றிட்டக் கோப்புகள் இருப்பதனால் அவற்றை அழிக்காத வழி தேவை."

தலைப்பை மீண்டும் பாருங்கள். "அவசரம்" என்பது கேட்பவருடைய நிலையைச் சொல்கின்றது, சிக்கலைச் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அதே சிக்கலோடு தேடி வரும் இன்னொரு பிள்ளைக்கு "உதவி அவசரம்" என்ற தலைப்பினால் எந்தப் பயனும் இல்லை. இக்குழுக்களில் விடை எழுதுபவர் பலர், கேட்ட ஒருவருக்காக மாத்திரம் எழுதுவதில்லை. பின்னால் தேடி வருபவர்களையும் எண்ணியே எழுதுகின்றனர்.

வணக்கமும் நன்றியும்

"சேர் என்று அழைக்காமல், நலம் விசாரிக்காமல் நேரே கேள்வி கேட்பது மரியாதையா?" என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. கடிதம் எழுதும்போது நலம் கேட்டுத் தொடங்குவதே நம் வழக்கம். ஆனால் குழுவுக்குக் குழு மரபு வேறுபடும். 2008 இல் தொடங்கப்பட்ட ஸ்டாக் ஓவர்ஃபுளோ என்ற நிரலாக்க வினாவிடைத் தளத்தில் வணக்கம், நன்றி என்பவற்றைக் கேள்வியிலிருந்து நீக்கிவிடுவார்கள். பயனுள்ள விடைக்கு வாக்கு அளிப்பதும், சரியான விடையை ஏற்றுக்கொண்டதாகக் குறிப்பதுமே அங்கு நன்றி. பொருளுக்குப் புறம்பான கேள்வியை, போதிய நற்பெயர்ப் புள்ளிகள் பெற்ற உறுப்பினர்கள் வாக்கிட்டு மூடிவிடலாம். திருத்தி எழுதினால் மீண்டும் திறக்கவும் வழியுண்டு.

இம்முறையால் அத்தளம் மிக ஒழுங்காக இருந்தது உண்மை. புதியவர்கள் பலர் மனம் நொந்து போனதும் உண்மை. தம் தளம் புதியவரை வரவேற்கும் இடமாக இல்லை என்பதை அந்நிறுவனமே 2018 ஏப்ரலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. என்னுடைய கருத்தைக் கேட்டால், ஒரு வணக்கத்தினால் எவருடைய நேரமும் கெட்டுவிடாது. அதேபோல, "நீங்கள் சொன்னபடி செய்தேன், சரிவந்தது" என்று இறுதியில் எழுதுவது வெறும் நன்றியன்று. பின்னால் வருபவருக்கு அவ்விடை பலித்தது என்று உறுதி கூறும் செய்தி. அதனை எழுதாமல் விடுவதே எனக்குக் குறையாகப் படுகின்றது.

மனிதர் கூடும் இடத்தில் கதை பேச்சு இருக்கவே செய்யும். அதனை அடக்கி வைப்பதிலும் அதற்கு ஓர் அறை கொடுப்பதே பயன் தந்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் உதவிக் களத்தில், தொழினுட்பம் சாராத பேச்சுக்கென "கபே" என்ற பெயரில் ஒரு பகுதி இருந்தது. சில குழுக்களில், தலைப்பின் முன்னே "பொருளுக்குப் புறம்பு" என்று குறித்துவிட்டு எழுதலாம். வாசிக்க விரும்பாதவர் தாண்டிச் செல்வர். உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் "அறிவித்தல்" என ஒன்று, "கதை" என ஒன்று என இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். எங்கள் வகுப்பில் 2020 இல், பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, அவ்வாறு பிரித்த பின்னரே ஒப்படைகள் நேரத்துக்கு வரத் தொடங்கின.

திருத்துபவருக்கும் ஒழுக்கம் உண்டு

ஒருவர் பொருள் விலகிவிட்டார். உடனே பத்துப் பேர் வந்து "இது இங்கே கேட்கும் கேள்வியல்ல" என்று எழுதினால், அந்தப் பத்துப் பதிவுகளும் பொருள் விலகியவையே. ஒருவர் சொன்னால் போதும். அதனையும் தனிமடலில், சரியான இடத்தின் பெயரோடு சொல்ல வேண்டும். "இங்கே கேட்காதே" என்பது பாதி விடை. "அங்கே கேளுங்கள்" என்பதே முழு விடை. மட்டறுத்துநருக்கு அறிவிக்கும் வசதி இருப்பின் அதனைப் பயன்படுத்தலாம். அவர் பதிவை அழிக்காமல் உரிய பகுதிக்கு நகர்த்திவிடுவார்.

வேறொன்றும் உண்டு. கணினிச் சிக்கலைக் கேட்க வந்தவர் தம் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருப்பதாக எழுதினால், அவ்விடத்தில் விதி காட்டுதல் கூடாது. முதலில் மனிதரைக் கவனியுங்கள். பொருள் காத்திருக்கும்.

பயிற்சி

1. பின்வரும் பதிவில் எந்தெந்தச் செய்திகள் விடையை மாற்றக்கூடியவை எனக் காரணத்துடன் குறிப்பிட்டு, பொருத்தமான தலைப்புடன் 50 சொற்களுக்குள் திருத்தி எழுதுக.
"வணக்கம் அண்ணாமார். அம்மாவின் போன். தங்கச்சிதான் விளையாடுவாள். நேற்று மழையில் நனைந்தது. இப்போது மின்னேற்றம் ஏறவில்லை. வேறு வயரிலும் போட்டுப் பார்த்தோம். அப்பா கொழும்பில், அவரோடு பேச இந்தப் போன் மட்டுந்தான். கமரா நல்ல போன் எது?"

2. மேலே கூறப்பட்ட பாமினி இழையைத் தொடங்கியவருக்கு, அவருடைய இழையைக் கடத்தியவர் அனுப்பும் மன்னிப்பு மடலை எழுதுக. மடலில் அவருடைய கேள்விக்குரிய விடையும் இடம்பெறல் வேண்டும்.

3. உங்கள் வகுப்புக் குழுவில் நண்பர் ஒருவர் தொடர்ந்து பொருள் விலகிய செய்திகளை இடுகின்றார். அவருக்கு மனம் நோகாமல் தனிப்பட அனுப்பும் செய்தியை, நீங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே நான்கு வரியில் எழுதுக.